மூன்று நாள் சிறை

கோவாவிலே, பொம் ஜேசு ஆலயத்திலே, வெள்ளிப் பேழைக்குள் ஓர் உடல் கிடக்கிறது. தூத்துக்குடிக் கரையோரத்திலே அவர் பெயரைச் சூடிய பிள்ளைகள் ஊர்தோறும் உண்டு. பிரான்சிஸ் சவேரியார்! புனிதர் என்று போற்றுவோர் கோடி. அந்தப் புனிதர், இந்தக் கரையிலே மதுவிலக்குக் கட்டளையும் பிறப்பித்தவர் என்பதை அறிந்தோர் சிலரே.

1506-ல் நவார் நாட்டிலே, கோட்டை கொண்ட குடும்பத்திலே பிறந்தார். பாரிசிலே படித்தார், பாடம் சொன்னார். பதவி காத்திருந்தது, அதை உதறினார். 1542 மே மாதம் கோவாவிலே இறங்கினார். அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்தார்.

இங்கே அவர் கண்டது யாரை? காலிலே கல், மார்பிலே அடக்கிய மூச்சு, கடலடியிலே உயிர்ப்பந்தயம். இப்படி முத்தெடுத்த பரதவரை. முத்து வணிகனுக்கு, வரி மன்னனுக்கு, வறுமை குளித்தவனுக்கு! பகைவரிடமிருந்து காப்பாற்றுவதாகப் போர்த்துகீசியர் சொன்னார்கள். அந்தக் காவலை நம்பிப் பரதவர் ஞானஸ்நானம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆனால் அவர்களுக்குப் போதிக்க ஆளில்லை.

சவேரியார் கையிலே மணியை எடுத்தார். தெருத்தெருவாக அடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார். தமிழ் அறியாதவர், ஆயினும் ஜெபங்களைத் தமிழிலே பெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, அவர்களோடு சேர்ந்து சொன்னார். 1544-ல் வடுகர் படை தாக்கியபோது, குமரிமுனைப் பாறைகளிலே பசியால் வாடியவர்களுக்காக இருபது தோணிகளிலே உணவு ஏற்றிப் புறப்பட்டார். எதிர்காற்று தடுத்தது. பிறகு தரைவழியே நடந்துபோய் அவர்களைக் கண்டார். அந்த அன்பை நாம் மறுக்கவில்லை; மறுப்பது நன்றியுமல்ல.

ஆனால் அதே 1544-ல், தம்முடன் பணியாற்றிய மான்சிலாசுக்குக் கடிதம் எழுதினார். புன்னைக்காயலிலே சாராயம் குடிக்கும் பெண்ணுக்கு மூன்று நாள் சிறை! இதைத் தெருவெல்லாம் அறிவிக்க வேண்டும்! ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகளுக்கோ, இனிக் குடித்தால் விலை கொடுக்க நேரும் என்ற எச்சரிக்கை.

கவனியுங்கள். பெண்ணுக்குச் சிறை, தலைவனுக்கு எச்சரிக்கை!

அந்நாளிலே தூத்துக்குடிக் கரையை ஆண்ட போர்த்துகீசியத் தளபதி கோஸ்மே தெ பைவா. அவன் அடித்த கொள்ளையைக் கண்டு சவேரியார் கொதித்தார். கடுமையாகக் கடிதம் எழுதினார். சிறைக்கு அனுப்ப முடிந்ததா? இல்லை. தளபதியிடம் துப்பாக்கி இருந்தது. புன்னைக்காயல் பெண்ணிடம் குவளைதான் இருந்தது. சட்டம் குவளையைத் தேடிப் போயிற்று.

குடி குடியைக் கெடுக்கும். அதை அவர் கண்டது பிழையன்று. குடித்துவிட்டு மனைவியை அடிப்பவன் சுதந்திரம் பேசினால் நாமும் சம்மதியோம். அடித்ததற்குத் தண்டனை உண்டு. ஆனால் குடிப்பதையே பாவம் என்று மதம் சொல்லி, அந்தப் பாவத்தையே குற்றமென்று ஆட்சி எடுத்துக்கொண்டால், மனிதனுக்கு நிற்க இடமேது? போதகர் கையிலே மணி இருக்கலாம். சிறைச் சாவி இருக்கலாமா?

1552 டிசம்பர் 3-ல், சீனக் கரையோரத் தீவொன்றிலே அவர் மூச்சு நின்றது. 1622-ல் புனிதர் பட்டம் வந்தது. அவர் தொடங்கிய பணியின் வழியிலே வந்த என்றிக்கே என்றிக்கசு, தமிழைக் கற்று, 1578-ல் கொல்லத்திலே தம்பிரான் வணக்கத்தைத் தமிழெழுத்திலே அச்சேற்றினார். மணியோசை ஏடாக மலர்ந்தது! மூன்று நாள் சிறை எதை மலர்வித்தது?

நமக்கும் இது பழங்கதையன்று. 1937-ல் சேலத்திலே மதுவிலக்கு வந்தது. 1948-ல் மாகாணமெங்கும் பரவியது. 1971-ல் தளர்ந்தது, 1974-ல் திரும்பியது. பின்னரும் மாறிற்று, 2003 முதல் சில்லறைக் கடையையே சர்க்கார் நடத்துகிறது. தடை போட்ட நாளிலும் பிடிபட்டவன் ஏழை. கடை திறந்த நாளிலும் கூலியை இழப்பவன் ஏழை.

ஆகவே, மதுவைப் பற்றிச் சட்டம் செய்ய வருவோரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே. உங்கள் கை முதலிலே யாரைத் தொடும்? தளபதியையா, புன்னைக்காயல் பெண்ணையா?