தப்பான விடை தந்த வெற்றி

நாளைய வானிலையைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம் என்று நம்பி, அந்தக் கணக்கைப் போட்டும் பார்த்தவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன்.

இவர் 1881-ம் ஆண்டு இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் பிறந்தார். போரே கூடாது என்னும் குவேக்கர் கிறிஸ்தவக் குடும்பம். 1913-ல் வானிலை இலாகாவில் சேர்ந்தார். முதல் உலகப்போர் நடந்தபோது, 1916-ல் அந்த வேலையை உதறினார். பிரான்சு போர்முனைக்குச் சென்று, காயம் அடைந்தவர்களை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் வண்டி ஓட்டினார்.

ஓய்வு நேரத்தில் அங்கேயே கணக்குப் போட்டார். 1910 மே 20-ந் தேதி வானிலைக் குறிப்புகளை வைத்து, 6 மணி நேர மாறுதலைக் கையால் கணக்கிட்டார். காற்றழுத்தம் 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் அநேகமாக மாறவே இல்லை!

போர்க் குழப்பத்தில் கையெழுத்துப் பிரதியும் காணாமல் போயிற்று. பல மாதம் கழித்து பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலின் அடியில் கிடைத்தது.

போர் முடிந்ததும் மீண்டும் இலாகாவில் சேர்ந்தார். 1920-ல் அது விமான அமைச்சகத்தின் கீழ் போனதும், தமது ஆராய்ச்சி போருக்குப் பயன்படக்கூடாது என்று ராஜினாமா செய்தார். ஆசிரியர் வேலை பார்த்தார்.

1922-ல் தமது முறையைப் புத்தகமாக வெளியிட்டார். தப்பான விடையை மறைக்கவில்லை, அப்படியே அச்சிட்டார். உலகம் முழுவதற்கும் உடனுக்குடன் கணக்கிட 64 ஆயிரம் பேர் வேண்டும் என்றும் எழுதினார்.

அத்தனை பேரின் வேலையைச் செய்யக் கம்ப்யூட்டர் பிறந்தது. 1950-ல் அமெரிக்காவில் அதைக் கொண்டு வானிலையைக் கணித்துக் காட்டினார்கள். அந்த வெற்றிச் செய்தி ரிச்சர்ட்சன் காதுக்கும் எட்டியது. 1953-ல் அவர் காலமானார்.

இன்று நாம் கேட்கும் மழை, புயல் அறிவிப்புகளுக்கு அடிப்படை, அவர் மறைக்காமல் வெளியிட்ட அந்தக் கணக்குமுறைதான்.