மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை

திரிசிரபுரத்தை அடுத்த எண்ணெயூரிலே, சிதம்பரம்பிள்ளையின் மைந்தராக 1815ஆம் ஆண்டு தோன்றியவர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்கள். இளமையிலே தந்தையாரை இழந்த அவர், கற்றாரை நாடி நாடிப் பயின்றார். தெருவில் இரந்துண்ட பரதேசி ஒருவரைத் தொடர்ந்து சென்று, பணிவிடை புரிந்து, தண்டியலங்காரம் கேட்டறிந்தார்.

அரிதிற் பெற்ற கல்வியை அவர் எவர்க்கும் ஒளித்தாரல்லர். சாமிநாதையர், கிறித்தவராகிய சவராயலு நாயகர், இசுலாமியராகிய குலாம் காதிறு நாவலர் யாவரும் அவர்தம் மாணாக்கரே. பாடஞ் சொல்லியதோடு அமையாது, மாணாக்கர் பலர்க்கு உணவும் உறையுளும் அளித்தார். அதனாற் கடனும் பட்டார். தாம் புராணம் பாடுங்கால் மாணாக்கரையே ஏட்டில் எழுதச் செய்வார். செய்யுள் பிறக்குமாற்றை அவர்கள் அருகிருந்தே கற்றனர்.

திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கி, 1876இல் சிவபதமடைந்தார். அவர் மாணாக்கர் தியாகராச செட்டியார், கும்பகோணம் கல்லூரியிலே தாம் வகித்த தமிழாசிரியப் பதவியை 1880இல் சாமிநாதையர்க்கு வாய்ப்பித்தார். ஐயர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.

பட்டமளிக்கும் மண்டபம் பிள்ளையவர்களுக்கு இருந்ததில்லை. அவர் இல்லமே பல்கலைக்கழகமாயிற்று. மணியடித்ததும் ஏடு மூடும் ஆசிரியராகிய நாம், மாணாக்கன் பசியையும் அறிந்து கற்பித்த அப்பெருமகனாரை மறத்தல் தகுமோ?