அலகாகி நிற்கும் அறிஞர் ஹெர்ட்ஸ்

நம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் சோதனைகளுள் ஒன்று, மதிப்புத் தெரியாத கம்பிச்சுருளின் தன்மின்தூண்டல் எண்ணைக் காண்பது. மதிப்புத் தெரிந்த மின்தேக்கி ஒன்றைச் சுருளோடு தொடராக இணைத்து, மாறுதிசை மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைச் சிறிது சிறிதாக உயர்த்துகிறோம். மின்னோட்டம் ஏறி, ஓரிடத்தில் உச்சம் தொட்டு, பிறகு இறங்குகிறது. அந்த உச்சமே ஒத்ததிர்வு. மின்தேக்கி 0.1 மைக்ரோபாரட், உச்சம் 1,600 ஹெர்ட்ஸ் என்றால், சுருளின் மதிப்பு ஏறத்தாழ 0.1 ஹென்றி. நாள்தோறும் நாம் எழுதும் அந்த 'ஹெர்ட்ஸ்' ஒரு மனிதரின் பெயர். இதைப் போன்ற ஒரு சோதனையில் அவர் பட்ட பாட்டைப் படித்து வியந்தேன். அதனை நண்பர்களுக்கும் சொல்லவே இக்கட்டுரை.

ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் 1857 பிப்ரவரி 22-ஆம் நாள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். சிறுவயதிலேயே ஏட்டுக் கல்வியோடு தச்சுவேலையும் லேத் வேலையும் கற்றுக்கொண்டார். பொறியியல் படிக்கப் புகுந்தவர், இயற்பியலில் மனம் பற்றிப் பெர்லினில் பேராசிரியர் ஹெல்ம்ஹோல்ட்சின் மாணவரானார். 1880-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1885-இல் கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியரானார்.

ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்று மாக்ஸ்வெல் 1860-களில் கணிதத்தால் காட்டியிருந்தார். ஆனால் மின்னால் அத்தகைய அலையை எழுப்பிச் சோதனையில் மெய்ப்பித்தவர் எவரும் இலர். 1886-இல் ஒரு சுருளில் மின்பொறி பாயும்போது, அதனோடு தொடர்பில்லாத பக்கத்துச் சுருளிலும் பொறி எழுவதை ஹெர்ட்ஸ் கவனித்தார். அதைப் பற்றிக்கொண்டு முன்னேறினார்.

அவரிடம் இன்றைய அலையியற்றி ஏது? 30 செ.மீ. விட்டமுள்ள இரு துத்தநாக உருண்டைகளை நீண்ட செப்புக் கம்பியின் இரு முனைகளிலும் வைத்து, நடுவே சிறு இடைவெளி விட்டார். உருண்டைகளே மின்தேக்கி, கம்பியே சுருள். எதிரே இடைவெளியுள்ள மற்றொரு கம்பி வளையத்தை வைத்து, அதன் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். ஒரு குறிப்பிட்ட நீளத்தில் பொறி மிகப் பெரிதாயிற்று. நம் வரைபடத்தில் தோன்றும் உச்சம்தான் அது.

அலைவு நேரத்தை அளக்க வழியில்லாததால், மின்தேக்குத் திறனையும் தன்மின்தூண்டல் எண்ணையும் கொண்டு கணக்கிட்டார். அக்கணக்கின்படி, கம்பியில் அலை செல்லும் வேகம் நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் என்று 1888-இல் கண்டார். ஒளியின் வேகமோ 3 லட்சம்!

எங்கே பிசகு? பிரெஞ்சு அறிஞர் புவான்காரே 1890-இல் அதைக் கண்டு சொன்னார். இரு உருண்டைகளும் தொடரிணைப்பிலுள்ள இரு மின்தேக்கிகள் போன்றவை. மொத்தத் திறன் ஒன்றின் பாதியே. ஹெர்ட்ஸ் பாதியாக்க மறந்து முழுவதையும் எடுத்திருந்தார். திறன் இருமடங்கானால் அலைவு நேரம் 1.41 மடங்காகும். அதைத் திருத்தினால் வேகம் ஏறத்தாழ 2.8 லட்சமாகி, ஒளியின் வேகத்தை நெருங்குகிறது.

1892-இல் தம் கட்டுரைகளை நூலாகத் தொகுத்தபோது, ஹெர்ட்ஸ் பழைய கணக்கைச் சத்தமின்றி மாற்றிவிடவில்லை. கட்டுரைகளை எழுதியவாறே அச்சிட்டு, பிழை இன்னது, அதைக் கண்டவர் இன்னார் என்று தாமே குறிப்பெழுதிச் சேர்த்தார். அதற்குள் அவர் உலகப் புகழ் பெற்றிருந்தார். வகுப்பறைச் சுவரில் துத்தநாகத் தகட்டைப் பொருத்தி, காற்றில் மின் அலையை நிலைநிறுத்திக் காட்டிய பெருமை அவருடையது. அந்தப் புகழ் பிழையை ஒப்புக்கொள்ள அவருக்குத் தடையாகவில்லை.

நோயுற்றுப் பல அறுவைச் சிகிச்சைகளுக்கு ஆளாகி, 1894 ஜனவரி 1-ஆம் நாள் 36 வயதில் பான் நகரில் மறைந்தார். பின்னர் கல்கத்தாவில் ஜகதீஸ் சந்திர போஸ் மின் அலைகளை மக்கள் முன் செய்து காட்டினார். 1960-இல் அதிர்வெண்ணின் அனைத்துலக அலகுக்கு ஹெர்ட்ஸின் பெயர் ஏற்கப்பட்டது.

இன்று நம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் உருவாகும் கைபேசி ஒவ்வொன்றும் அந்த அலைகளால்தான் பேசுகிறது. நம்மில் பலர் நாளை அங்கே அளவுக் கருவிகளின் முன் அமரக்கூடும். விடை முன்பே தெரிந்த சோதனையில், அளவீட்டை விடைக்கேற்ப வளைக்கும் ஆசை எவர்க்கும் எழும். பதிவேட்டில் 1,600 வரவேண்டிய இடத்தில் 1,550 வந்தால், 1,550 என்றே எழுதுவோம், காரணத்தைத் தேடுவோம். எழுதியது நிலைத்திருந்தால்தான் இன்னொருவர் வந்து பிழையைக் கண்டு சொல்ல முடியும். ஹெர்ட்ஸின் பெயரை எண்ணுக்குப் பின்னே எழுதும் நாம் அவருக்குச் செலுத்தத்தக்க மரியாதை அதுவே என்பது என் எண்ணம்.