மரக்குழல் கடைந்த மருத்துவர்

லேத்தில் நின்று ஷாஃப்ட் கடையும் நமக்கு, கடைசல் வேலை தெரிந்த ஒரு டாக்டரைத் தெரியுமா? அவர்தான் ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த ரெனே லேனெக்.

பிரான்ஸ் நாட்டில் பிரிட்டனி பகுதியில் 1781ஆம் ஆண்டு பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து, நாந்த் நகரில் டாக்டராக இருந்த தந்தையின் சகோதரரிடம் வளர்ந்தார். 1801இல் பாரிஸ் சென்று படித்தார். அக்காலத்தில் நோயாளி சொல்வதைத்தான் டாக்டர்கள் பெரிதும் நம்பினார்கள். நாம் தேங்காயைத் தட்டிப் பார்க்கிற மாதிரி, மார்பை விரலால் தட்டிப் பார்க்கும் முறை அப்போதுதான் பரவி வந்தது.

1816இல் நெக்கர் மருத்துவமனையில் இதயநோய் அறிகுறிகளோடு ஒரு இளம்பெண் வந்தாள். பருத்த உடல், தட்டிப் பார்த்தும் ஒன்றும் புலப்படவில்லை. இளம்பெண்ணின் மார்பில் காது வைக்க அவருக்குக் கூச்சம். மரக்கட்டையின் ஒரு முனையில் ஊசியால் கீறினால் மறுமுனையில் கேட்குமே! அது நினைவுக்கு வர, காகிதத்தை இறுக்கச் சுருட்டி மார்பில் வைத்துக் கேட்டார். இதயத்துடிப்பு, காதை வைத்துக் கேட்பதைவிடத் தெளிவாகக் கேட்டது. பிறகு தாமே லேத்தில் மரக்குழல் கடைந்தார். நீளம் ஏறக்குறைய ஒரு அடி, விட்டம் ஒன்றரை அங்குலம் இருக்கும், நடுவில் துளை. நம்ம ஒர்க் ஷாப்பில் ஒரே நாளில் முடிக்கிற ஜாப்தான்!

ஆனால் உழைப்பு அதற்கப்புறம்தான். நோயாளி உயிரோடு இருக்கும்போது கேட்ட ஓசையை, இறந்தபின் உடலை அறுத்துக் கண்டதோடு ஒப்பிட்டார். நிமோனியா, காசநோய், நுரையீரல் உறையில் நீர் கோர்ப்பது என ஒவ்வொன்றுக்கும் உரிய ஓசையைப் பிரித்து 1819இல் நூலாக வெளியிட்டார்.

இதன் அருமை எனக்கு எங்க வீட்டில்தான் புரிந்தது. நெஞ்சு அடைக்குதுன்னு யார் சொன்னாலும் வாயுன்னு சொல்லி ஓமத்தண்ணி கொடுப்பாங்க. அப்பாவுக்கும் அதுதான் கொடுத்தாங்க. இருமல் நிற்கலை, சாயங்காலம் காய்ச்சல், உடம்பு இளைச்சுக்கிட்டே போனது. கடைசியில் டாக்டர் குழல் வைத்துக் கேட்டு, சளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். காசநோய். ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டு இப்போது வேலைக்குப் போகிறார்.

மூச்சுக்குழல் சுருங்கினாலும், இரைப்பை அமிலம் மேலேறினாலும், அதிக பயத்தாலும்கூட நெஞ்சு அடைக்கும். இதயத்துக்கு ரத்தம் குறைந்தாலும் வாயில் வருவது அதே சொல்தான். நடுநெஞ்சில் பாரம் அழுத்தி, கை, தாடை வரை வலி பரவி, வியர்த்துக் கொட்டினால் ஓமத்தண்ணியைத் தேடாதீங்க, உடனே 108ஐக் கூப்பிடுங்க. மாரடைப்பைக் குழல் மட்டும் காட்டாது, ஈ.சி.ஜி. எடுக்கணும்.

லேனெக்குக்கே 1826இல் இருமலும் காய்ச்சலும் முற்றின. அவருடைய உறவினரான இளம் டாக்டர் மெரியடெக், அதே மரக்குழலை அவர் மார்பில் வைத்துக் கேட்டார். கேட்டது காசநோயின் ஓசை. அந்த ஓசையை உலகுக்குச் சொல்லிக் கொடுத்தவரே லேனெக்தான். ஆகஸ்ட் 13ஆம் நாள், 45 வயதில் காலமானார். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்தது 1882இல். மாத்திரை வந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து.