யானைக்கால் மாத்திரை: கடலூர் மக்கள் விழுங்கிய மருந்துக்குப் பின்னால் இருந்த சுப்பாராவ் யார்?

கடலூர், திருவந்திபுரம், சிதம்பரம் பக்கம் 40 வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால், வீடு வீடாக வந்து கொடுத்த யானைக்கால் மாத்திரையைப் பற்றிச் சொல்வாங்க. டி.இ.சி என்ற அந்த மருந்தைக் கண்டுபிடித்த ஆய்வுக்குழுவின் தலைவர், சென்னையில் டாக்டருக்குப் படித்தவர். பெயர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

யார் இவர்?

1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிக் தேர்வில் மூன்றாவது முறைதான் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ் கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ் சான்றிதழ்தான் கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தியவர், 1922-ல் மனைவியை இங்கே விட்டுவிட்டு அமெரிக்கா போனார். திரும்பி வரவே இல்லை. பாஸ்டனில் இரவில் ஆஸ்பத்திரி வேலை, பகலில் படிப்பு. ஹார்வர்டில் பெரிய ஆய்வுகள் செய்தும் நிரந்தர வேலை தரப்படவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார்.

மருந்து எப்படி வந்தது?

இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்களுக்கு யானைக்கால் நோய்ப் புழு தொற்றியது. மருந்து தேடும் வேலை வேகமெடுத்தது. 1947-ல் சுப்பாராவ் தலைமையிலான குழு டி.இ.சி மருந்தை வெளியிட்டது.

அப்புறமும் நோய் ஏன் ஒழியலை?

கொசு வழியாகப் பரவும் இந்தப் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் அதிகம் நடமாடும். அதனால் இரவில் ரத்தம் எடுத்து, புழு இருப்பவர்களுக்கு மட்டும் 12 நாள் மாத்திரை கொடுத்தாங்க. பலர் சோதனையில் தப்பிவிட்டார்கள். வெளியே எந்த அறிகுறியும் இல்லாத அவர்களிடமிருந்து கொசு நோயைப் பரப்பியது.

வருடத்துக்கு ஒரே ஒரு வேளை கொடுத்தாலே ரத்தத்தில் புழுக்குஞ்சுகள் வெகுவாகக் குறையும் என்று ஆய்வுகள் காட்டிய பிறகுதான் அணுகுமுறை மாறியது. ஊரில் எல்லோருக்கும் ஒரே நாளில் மாத்திரை! தமிழகத்தில் இது 1996-ல் முதலில் தொடங்கியது கடலூர் மாவட்டத்தில்தான். 2004-ல் நோய் பாதித்த மாவட்டங்களுக்கான தேசியத் திட்டமானது.

இதையெல்லாம் பார்க்க சுப்பாராவ் இல்லை. 1948 ஆகஸ்டில், 53 வயதில் இறந்துவிட்டார்.

வீங்கிப்போன காலை அவர் மருந்தால் பழையபடி ஆக்க முடியாது. அதனால்தான் மாத்திரை கொடுக்க வரும்போது, 'எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே' என்று சொல்பவரும் அதை விழுங்க வேண்டும். 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், கடுமையான நோயாளிகளுக்கு மட்டும் விதிவிலக்கு.