ஸோரா நீல் ஹர்ஸ்டன் அம்மையார்

மானிடவியல் என்ற பாடத்தின் பெயரையே நம் மாணவியருள் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். மக்களின் பழக்கவழக்கங்கள், கதைகள், பாடல்கள், நம்பிக்கைகள் ஆகியவற்றை அவர்களிடையே தங்கி அறியும் படிப்பு அது. அதனைக் கல்லூரியில் பயின்ற ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்குக் காண்போம்.

ஸோரா 1891ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிறந்தார். அவர் குழந்தையாயிருந்தபோதே குடும்பம் புளோரிடா மாநிலத்தின் ஈட்டன்வில் என்ற சிற்றூரில் குடியேறியது. கறுப்பின மக்கள் தாமே அமைத்துத் தாமே நிர்வகித்த ஊர் அது. தந்தையார் தச்சர், பாப்டிஸ்ட் சபைப் போதகர், ஊர் மேயராகவும் இருந்தவர். கடைத் திண்ணையில் பெரியவர்கள் கூடிக் கதையளப்பார்கள். சாமான் வாங்க வரும் சிறுமி ஸோரா, அவற்றைக் கேட்பதற்கென்றே மெல்ல நடப்பாராம்.

1904இல் அன்னை இறந்தார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். பள்ளிக் கட்டணமும் நின்றது. பல வீடுகளில் வேலை செய்தும், நாடகக் குழுப் பாடகி ஒருவருக்குப் பணிப்பெண்ணாக இருந்தும் ஸோரா காலம் கழித்தார். 1917இல் பால்டிமோர் நகரில் இலவசக் கல்விக்கு வாய்ப்பிருந்தது. ஆனால் வயது வரம்பும் இருந்தது. அவருக்கோ வயது 26. தம் வயதில் பத்தைக் குறைத்துச் சொல்லிச் சேர்ந்துவிட்டார்! பொய் பொய்தான், மறுக்கவில்லை. ஆயினும் அவர் பள்ளிக்குச் செல்ல வேறு வழி நமக்கும் தோன்றவில்லை.

பின்னர் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று, 1925இல் உதவித்தொகை பெற்று நியூயார்க்கின் பர்னார்டு மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு அப்போது கறுப்பின மாணவி அவர் ஒருவரே. அவர் எழுதிய கட்டுரை ஒன்று மானிடவியல் பேரறிஞர் பிரான்ஸ் போவாஸின் பார்வைக்குச் சென்றது. அன்றுமுதல் போவாஸே அவருக்குக் குருவானார். கறுப்பினத்தார் அறிவில் குறைந்தவர் என்ற கூற்றை அறிவியலால் முறியடிக்க முனைந்தவர் அவர். அந்த ஆராய்ச்சிக்காக ஸோரா அளவுக் கருவியுடன் ஹார்லெம் வீதியில் நின்று, வருவோர் போவோரின் தலைகளை அளந்தார். முன்பின் அறியாதவரிடம் அப்படிக் கேட்க எத்துணைத் துணிவு வேண்டும்!

1927இல், இன்னும் மாணவியாக இருக்கையிலேயே, நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டப் போவாஸ் அவரைப் புளோரிடாவுக்கு அனுப்பினார். வளர்ந்த மண், தெரிந்த முகங்கள். ஆனால் ஸோரா கல்லூரி மொழியில் நயமாகக் கேள்வி கேட்டார். மக்களோ தங்களிடம் ஒன்றுமில்லை என்று மரியாதையாகக் கைவிரித்துவிட்டனர். சொற்பச் சரக்குடன் திரும்பியவர், ஆசிரியர் முன் நிற்க வெட்கி அழுதார். திண்ணைக் கதைகளைக் கேட்டே வளர்ந்தவருக்கு இந்தத் தோல்வி எவ்வளவு வலித்திருக்கும்!

அவ்வாண்டு இறுதியில் மீண்டும் தென்னாடு சென்றார். 1928இல் பட்டமும் பெற்றார். மரம் அறுக்கும் ஆலைத் தொழிலாளரிடையே தங்கியபோது, அவருடைய காரைக் கண்டு அவர்கள் ஒற்றர் என்றே ஐயுற்றனர். அவர்களுடைய பாட்டை அவர்களோடு சேர்ந்து பாடிய பின்னரே நெருங்கி வந்தனர். அப்படிச் சேர்த்த கதைகள் 1935இல் போவாஸின் முன்னுரையுடன் நூலாயின. நாவல்களும் எழுதினார்.

ஆயினும் இறுதிக்காலம் வறுமையில் கழிந்தது. 1960 ஜனவரி 28ஆம் நாள் புளோரிடாவில் காலமானார். நண்பர்கள் பணம் திரட்டி அடக்கம் செய்தனர்; கல்லறைக்குக் கல் வைக்கவும் வசதியில்லை. 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் புதர் மண்டிய அந்த இடத்தைத் தேடிச் சென்று கல் நாட்டினார். அதில் பிறந்த ஆண்டு 1901 என்றே பொறிக்கப்பட்டுள்ளது.