வைரம் தேடியவர் தந்த சக்கரம்

இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு மாணவன்



திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் வந்து சேர்வதற்குள் ரோட்டோரம் எத்தனை கிரில் பட்டறைகள் என்று எண்ணிப் பாருங்கள். பட்டறை என்றால் அங்கே பொறி பறக்கும். பொறி பறந்தால் அங்கே கட்டிங் மெஷின் இருக்கும். ஒரு கையில் தூக்கிவிடலாம், ஆனால் இரும்பையும் கல்லையும் அறுத்துத் தள்ளிவிடும். அப்படிப்பட்ட சக்கரங்களுக்கு வழி காட்டிய ஒரு மனிதரின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அவர் பெயர் எட்வர்ட் குட்ரிச் அச்சிசன்.

1856 மார்ச் 9-ஆம் தேதி, அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து வாஷிங்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தலைநகர் வாஷிங்டன் வேறு, இது வேறு. பதினாறு வயதில் பள்ளிக்கூடம் நின்று போனது. அடுத்த வருடமே அப்பாவும் இறந்துவிட, குடும்ப பாரம் தலையில் விழுந்தது. நம்மில் பலருடைய வீட்டுக் கதை மாதிரியே இருக்கிறது அல்லவா? ஆனால் அவர் உட்கார்ந்துவிடவில்லை. அந்த வயதிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் துளை போட ஒரு கருவியை யோசித்தார். பகலெல்லாம் வேலை, ராத்திரியில் மின்சாரம் பற்றிய படிப்பு. அவருக்குக் கல்லூரியும் கிடையாது, வாத்தியாரும் கிடையாது.

1880-ல் மென்லோ பார்க்கில் தாமஸ் ஆல்வா எடிசனிடம் வேலைக்குச் சேர்ந்தார். எடிசனின் மின்விளக்குகளைப் பொருத்த ஐரோப்பாவுக்கும் போனார். 1884-ல் எடிசனை விட்டு வந்து சொந்தக் காலில் நிற்கத் துணிந்தார்.

அவருக்கு ஒரே ஆசை, செயற்கை வைரம் செய்ய வேண்டும் என்பது. 1891-ல் ஒரு இரும்புச் சட்டியில் களிமண்ணையும் கோக் கரித்தூளையும் கலந்து போட்டார். நடுவில் ஒரு கார்பன் குச்சியைச் செருகி, பலத்த மின்சாரத்தைப் பாய்ச்சினார். ஆறிய பின் பார்த்தால் குச்சியின் முனையில் சில பளபளப்பான பொடிகள். எடுத்துக் கண்ணாடியில் இழுத்தார், கண்ணாடி கீறிக்கொண்டது. வைரம் கிடைக்கவில்லை. ஆனால் வைரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு என்று சொல்லத்தக்க கடினமான ஒன்று கிடைத்துவிட்டது!

அதற்கு அவர் வைத்த பெயர் கார்பரண்டம். கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று நினைத்து வைத்த பெயர் அது. உண்மையில் அது சிலிக்கான் கார்பைடு என்று பிறகுதான் தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு நண்பர்களே! கொரண்டம் என்ற ஆங்கிலச் சொல்லே நம் தமிழ்க் குருந்தத்திலிருந்து போனதுதான் என்று ஆங்கில அகராதிகளே சொல்கின்றன. அந்தக் குருந்தத்தைப் பொடித்து, அரக்கில் குழைத்து, சாணைச் சக்கரம் செய்து ரத்தினக் கற்களைப் பட்டை தீட்டியவர்கள் நம் நாட்டுக்காரர்கள்.

1893-ல் அச்சிசனுக்கு பேடண்ட் கிடைத்தது. முதலில் ரத்தினக்கல் தீட்டுபவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றார். 1895-ல் நயாகரா நீர்வீழ்ச்சி மின்சாரத்தை நம்பி அங்கேயே தொழிற்சாலை போட்டார். மணலும் கோக்கும் டன் கணக்கில் உலையில் வெந்து சக்கரங்களாயின. ஆனால் கடன் ஏறி, கம்பெனி வங்கிக்காரர்கள் கைக்குப் போய்விட்டது. அப்போதும் மனுஷன் சோர்ந்து போகவில்லை. அதே உலையை இன்னும் சூடாக்கி கிராஃபைட் செய்து, அதற்குத் தனிக் கம்பெனி தொடங்கினார். 1931 ஜூலை 6-ஆம் தேதி மறைந்தபோது எழுபது பேடண்டுகள் அவர் பெயரில் இருந்தன.

அவர் வைத்த பெயர் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1954-ல் முருகப்பா குழுமம், அமெரிக்கக் கார்பரண்டம் கம்பெனியோடும் ஓர் ஆங்கிலேயக் கம்பெனியோடும் கூட்டுச் சேர்ந்து கார்பரண்டம் யுனிவர்சல் என்ற நிறுவனத்தை ஆரம்பித்தது. சென்னை திருவொற்றியூரில் அதன் ஆலை அமைந்தது.

இனி நம்ம விஷயத்துக்கு வருவோம். கல் அறுக்கும் ரெசின் சக்கரத்தில் இருப்பது கார்பரண்டம். இரும்பு அறுக்கும் சக்கரத்தில் இருப்பது அலுமினியம் ஆக்சைடு, அதாவது செயற்கைக் குருந்தம். இரண்டிலும் பொடிதான் கடினம். பொடியைப் பிடித்திருப்பது வெறும் பிசின்! ரெசினும் கண்ணாடி நார் வலையும்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது. அந்தக் காலத்துச் சாணையைக் கையால் சுற்றினார்கள், மெல்லச் சுற்றியது. இன்றைய 4 அங்குல மெஷின் நிமிடத்திற்குச் சுமார் 11,000 சுற்று சுற்றுகிறது. கணக்குப் போட்டால் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறது. நம்ம ஊர் வழியாகப் போகும் எந்த எக்ஸ்பிரஸ் ரயிலும் அந்த வேகத்தில் ஓடாது.

என் சித்தப்பா ஒரு கிரில் பட்டறையில் வேலை பார்த்தவர். பெரிய பைப் அறுக்க வேண்டும் என்று 4 அங்குல மெஷினில் கார்டைக் கழற்றிவிட்டு, புஷ் போட்டு 7 அங்குல சக்கரத்தை மாட்டச் சொன்னார்கள். மாட்டினார். சக்கரம் வெடித்து ஒரு துண்டு இடது கண்ணில் பாய்ந்தது. கண்ணாடியும் போட்டிருக்கவில்லை. அந்தக் கண்ணில் இன்று வரை பார்வை இல்லை. டிப்ளமோ வந்து கணக்குப் போட்ட பிறகுதான் எனக்குக் காரணம் புரிந்தது. 7 அங்குல சக்கரத்தின் எல்லை சுமார் 8,500 சுற்று. அதை 11,000-ல் ஓட்டியிருக்கிறார்கள். வேகம் இரட்டித்தால் சக்கரத்தைப் பிய்க்கும் விசை நான்கு மடங்காகும் என்று நாம் பரீட்சைக்குப் படிக்கிறோமே, அதுதான் சித்தப்பாவின் கண்ணைப் பறித்தது. வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவன் நான். இந்தக் கணக்கு முன்னாலேயே ஒருத்தருக்குத் தெரிந்திருந்தால்!

அதனால்தான் சொல்கிறேன். சக்கரத்தின் மேல் அச்சிட்ட ஆர்.பி.எம்., மெஷினின் ஆர்.பி.எம்.மை விடக் குறைவாக இருந்தால் மாட்டாதீர்கள். காலாவதித் தேதி போட்டிருந்தால் அதையும் பாருங்கள். பழசானாலும் ஈரம் பட்டாலும் ரெசின் பலம் போய்விடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் சக்கரம் மாற்ற வேண்டும். மாற்றியதும் ஆளில்லாத பக்கம் திருப்பி ஒரு நிமிடம் சும்மா ஓட்டுங்கள். கார்டு உங்கள் பக்கம் இருக்கட்டும், இரண்டு கையும் மெஷினில் இருக்கட்டும், சக்கரத்துக்கு நேர்கோட்டில் நிற்காதீர்கள். அறுக்கிற வெட்டு சக்கரத்தைக் கவ்வாதபடி முட்டுக் கொடுங்கள். கவ்வினால் மெஷின் உங்கள் மேலேயே எகிறும். அறுக்கிற சக்கரத்தின் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்கக் கூடாது. மரம் அறுக்கும் பல் பிளேடை இதில் மாட்டவே கூடாது. தொளதொள சட்டையும், கழுத்தில் துண்டும் ஆகாது. கண்ணாடி போட வேண்டும், முகக் கவசமும் இருந்தால் இன்னும் நல்லது. கல் அறுத்தால் மாஸ்க் போடுங்கள். அந்தத் தூசி நுரையீரலை அரித்துவிடும். சுவிட்சை அணைத்த பிறகும் சக்கரம் சுற்றும். அது நிற்கும் வரை கீழே வைக்காதீர்கள்.

பள்ளிக்கூடம் முடிக்காத அச்சிசன், ராத்திரி கண் விழித்துப் படித்து உலகத்துக்கு ஒரு கடினமான பொருளைத் தந்தார். அதை எவ்வளவு வேகத்தில் சுற்றலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்ப்பது டிப்ளமோ படிக்கும் நம் வேலை. நாளைக்கு நாம் சூப்பர்வைசராக நிற்கும் பட்டறையில், கார்டைக் கழற்றச் சொன்னால் முடியாது என்று முதலில் சொல்பவர் நாமாக இருப்போம்!